கிளை நூலகக் கூடத்தை மறுசீரமைத்தல்: ஒலியும் நேரமும் வகுக்கும் இடம்

தமிழ்நாட்டின் பொது நூலகங்களில் காலையில் வந்து அமர்ந்து மாலைவரை எழாமல் படிப்பவர்களில் பலர் நூலகத்தின் நூல்களைத் தொடுவதே இல்லை. போட்டித் தேர்வுக்கான நூல்களையும் குறிப்பேடுகளையும் கைப்பேசியையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். மேசை, மின்விசிறி, அமைதி ஆகிய மூன்றை மட்டும் நூலகத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். நூலை இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுவதையும் நாளிதழ் வாசிப்பையும் மையமாக வைத்து அமைக்கப்பட்ட ஒரு கூடம் இந்தப் பயன்பாட்டை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டதன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே உருவாகி, சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியால் நடந்துவரும் கிளை நூலகங்கள் பலவற்றில் அடுக்குகள் சுவரோரமும் நீள மேசைகள் நடுவிலும் நூலகர் மேசை வாசலை ஒட்டியும் இருக்கும் அமைப்பு அரை நூற்றாண்டாக ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது. வாசகர் மாறியிருக்க, கூடம் மாறவில்லை.

இட மறுசீரமைப்பு என்று இந்த இயலில் குறிக்கப்படுவது, இருக்கும் கட்டடத்தின் சுவர்களை இடிக்காமலும் பரப்பைப் பெருக்காமலும், யார் எங்கே எந்நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதை மீண்டும் வகுத்து, அதற்கேற்ப அடுக்கு, இருக்கை, விளக்கு, மின்வழி ஆகியவற்றை மாற்றி அமைப்பதாகும். புதுக் கட்டடம் எழுப்பும் வாய்ப்புள்ள இடங்களில் இந்த வேலை எளிது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவுக்கும் சொந்த நூல் வாசிப்புப் பிரிவுக்கும் தரைத்தளமும், குழந்தைகளுக்கு முதல் தளமும் ஒதுக்க முடிந்ததற்கு அங்கே தளங்கள் இருந்தன என்பதே முதற்காரணம். ஒரே கூடமும் ஒரு தாழ்வாரமும் மட்டுமே கொண்ட கிளை நூலகம் தளத்துக்குப் பதிலாக வேறு இரண்டு கருவிகளைக் கையாள வேண்டியிருக்கிறது. ஒன்று ஒலி, மற்றொன்று நேரம்.

இருக்கைக் கணக்கெடுப்பு

மறுசீரமைப்பு பெரும்பாலும் மேசை நாற்காலிக்கு விலைப்புள்ளி கேட்பதில் தொடங்கிவிடுகிறது. நிதியாண்டு முடிவதற்குள் தொகையைச் செலவிட வேண்டிய நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். அதற்கு முன் குறைந்தது இரண்டு வாரங்களை இருக்கைக் கணக்கெடுப்புக்கு ஒதுக்குவது பின்னால் வரும் பல தவறுகளைத் தவிர்க்கும். கூடத்தின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, அடுக்கு, மேசை, நாற்காலி, சன்னல், மின்விசிறி, மின்செருகி ஒவ்வொன்றையும் அதில் குறித்து, வேண்டிய படிகள் எடுத்துக்கொண்டு, மணிக்கு ஒரு முறை கூடத்தைச் சுற்றிவந்து, எந்த நாற்காலியில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஓரெழுத்துக் குறியால் பதிவதே இந்த முறையாகும். நாளிதழ் வாசிப்பவருக்கு நா, சொந்த நூல் படிப்பவருக்குச் சொ, நூலகத்தின் நூலைப் படிப்பவருக்கு நூ, குழந்தைக்குக் கு, கைப்பேசியில் பாடம் பார்ப்பவருக்குக் கை என்பன போன்ற குறிகள் போதுமானவை. ஆள் இல்லாமல் பை மட்டும் இருக்கும் நாற்காலியையும் தவறாமல் குறிக்க வேண்டும்; இருக்கை போதவில்லை என்ற புகாரில் எவ்வளவு பகுதி இந்தப் பைகளால் விளைகிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

வருகைப் பதிவேடு இந்தத் தகவலைத் தராது. அது வந்தவர்களை எண்ணுகிறதே தவிர, வந்தவர் பத்து நிமிடம் இருந்தாரா பத்து மணி நேரம் இருந்தாரா என்பதைச் சொல்வதில்லை. ஒரு முதியவர் நாளிதழ் பார்த்துவிட்டு அரை மணியில் எழுந்துபோகும் நாற்காலியும், தேர்வுக்குப் படிப்பவர் நாள் முழுதும் அமரும் நாற்காலியும் ஒரே விலைக்கு வாங்கப்படலாம், ஆனால் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன்னதற்கு முதுகுச்சாய்வும் கைப்பிடியும் முக்கியம், ஏனெனில் முதியவர் கைப்பிடியை ஊன்றித்தான் எழுகிறார். பின்னதற்கு மேசையின் உயரமும் நாற்காலியின் உயரமும் பொருந்துவது முக்கியம். கணக்கெடுப்பு நடக்கும் வாரங்களில் ஒன்றாவது தேர்வு அறிவிக்கை வெளிவந்த காலத்திலும் மற்றொன்று பள்ளி விடுமுறையிலும் அமைந்தால் படம் முழுமை பெறும்.

ஆயிரம் சதுர அடியின் பங்கீடு

விளக்கத்தின் பொருட்டு 40 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட, அதாவது 1,000 சதுர அடியுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் அமர்ந்து படிப்பவருக்கு மேசைப் பங்கு, நாற்காலியைப் பின்னே தள்ளும் இடம், பின்னால் ஒருவர் நடந்துபோகும் வழி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 சதுர அடி வேண்டும். 16 இருக்கைக்கு 400 சதுர அடி போய்விடும். நாளிதழ் வாசிப்போர் எட்டுப் பேருக்கு நெருக்கமாக அமைத்தாலும் 100, குழந்தைகள் பகுதிக்கு 150, வாசலுக்கும் நூலகர் மேசைக்கும் 100 என்று வைத்தால், நூலடுக்குகளுக்கு எஞ்சுவது 250 சதுர அடி மட்டுமே.

அந்த 250 சதுர அடியில் எத்தனை நூல்கள் நிற்கும் என்பதையும் கணக்கிட்டுவிட வேண்டும். இருபுறமும் நூல் வைக்கும் 3 அடி அகல அடுக்கு ஒன்று ஒன்றரை அடி ஆழமும், அதன் முன்னுள்ள நடைவழி 3 அடியும் கொள்ளும் என்றால், ஓர் அடுக்குக்குத் தேவையான பரப்பு 13.5 சதுர அடி. குறுக்கு வழிகளைக் கழித்தால் 14 அடுக்குகள் வைக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு தட்டுகள் என்று பார்த்தால் ஓர் அடுக்கில் 36 அடி நீளத் தட்டு கிடைக்கிறது. தமிழ் நூல்களின் பருமனை ஓர் அங்குலம் என்று கொண்டு, தட்டின் கால்பகுதியைப் புதிய வரவுகளுக்கும் நூலை எளிதாக எடுத்து வைப்பதற்கும் காலியாக விட்டால், ஓர் அடுக்குக்குச் சுமார் 320 நூல்கள், மொத்தம் 4,500க்கு அருகில். கூடத்தின் மறுபுறம் பார்வை எட்டும்படி நான்கு தட்டுத் தாழ்வான அடுக்குகளை விரும்பினால் எண்ணிக்கை 3,000 அளவுக்கு இறங்கும். இருப்புப் பதிவேட்டில் 15,000 நூல்கள் உள்ள நூலகம் இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் அதிர்ச்சியடைவது இயல்பே. ஆனால் அதிர்ச்சி தாளிலேயே வந்துவிடுவது, அடுக்குகள் வந்திறங்கிய பிறகு வருவதைவிட நல்லது.

இங்கேதான் நூல் நீக்கம் என்ற, யாரும் எடுக்க விரும்பாத வேலை குறுக்கிடுகிறது. காலாவதியான வழிகாட்டிகள், பாடத்திட்டம் மாறிய தேர்வு நூல்கள், பூச்சி அரித்த பிரதிகள், ஒரே தலைப்பில் தேவைக்கு மிஞ்சிய படிகள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, உரிய ஒப்புதலுடன் பதிவேட்டிலிருந்து நீக்குவதே அது. நூல் குறைந்தால் பொறுப்பு தம் தலையில் விழும் என்ற அச்சத்தால் நூலகர்கள் இதைத் தள்ளிப்போடுவதைக் குறைசொல்ல முடியாது. விதிகள் அவர்களைக் காவலராக நடத்தும்வரை அவர்கள் காவலராகவே இருப்பார்கள். ஆகவே நீக்கத்துக்கான நடைமுறையையும் ஒப்புதலையும் எழுத்து வடிவில் முன்கூட்டியே பெற்றுக்கொள்வது மறுசீரமைப்புத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், பிற்சேர்க்கையாக அன்று. உள்ளூர் வரலாறு, சிற்றிதழ்த் தொகுதிகள், ஊர்க்காரர்கள் எழுதிய நூல்கள், அச்சில் இல்லாத பழைய பதிப்புகள் ஆகியவற்றை எத்தனை ஆண்டு யாரும் தொடாவிட்டாலும் நீக்கக் கூடாது. பயன்பாடு என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக் கழித்தால் முதலில் வெளியேறுபவை இவையாகவே இருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டதோடு, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பதை 1931இல் வெளியான தம் ஐந்து விதிகளுள் இறுதியாக வைத்தார். வளர்ச்சி என்பதைச் சேர்ந்துகொண்டே போவது என்று மட்டும் பொருள்கொண்டதன் விளைவே, அலமாரிகளின் தலைமேல் கயிறு கட்டிக் கிடக்கும் நூற்கட்டுகள். உயிரி உதிர்க்கவும் செய்யும்.

அடுக்குகளை மாடிக்கு மாற்றி, கீழ்த்தளத்தை முழுவதும் வாசிப்புக்கு விடலாம் என்ற யோசனை அடிக்கடி எழும். வாடகை வீடுகளிலும் நன்கொடையாகக் கிடைத்த வீடுகளிலும் இயங்கும் நூலகங்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமையை வகுக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலையின்படி குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ எடைக்கு வடிவமைக்கப்படுகிறது. நூலடுக்கு அறைக்கோ 2.2 மீட்டர் உயரம்வரையான அடுக்குகளுக்கே ஏறக்குறைய 600 கிலோ கணக்கிட வேண்டும், உயரம் கூடினால் அதுவும் கூடும். தண்டவாளத்தில் நகர்ந்து இடைவெளியின்றி நெருங்கும் நகரடுக்குகளின் சுமை இதைவிடவும் மிகுதி. படுக்கையறையாக இருந்த மாடி அறையில் நூலடுக்கு வைப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துச் சான்று பெறாமல் ஒரு பீரோவைக்கூட மேலேற்றக் கூடாது.

ஒலியின் சரிவு

ஒரே கூடத்தில் குழந்தையும் தேர்வர்களும் முதியவர்களும் இருக்கும்போது எழும் பூசல்கள் பெரும்பாலும் சத்தம் பற்றியவை. இதற்குச் சுவர் எழுப்பித் தடுப்பது ஒரு தீர்வாகத் தோன்றினாலும், தடுப்புக்குப் பின்னால் நூலகர் பார்வை எட்டாத மூலைகள் உருவாகும், காற்றோட்டம் அறுபடும், மின்விசிறிகளின் அமைப்பும் குலையும். ஒலியின் சரிவு எனப்படும் முறை இதைவிட மலிவானது. வாசலருகே மிகச் சத்தமான பயன்பாடு, உள்ளே போகப்போகக் குறைந்து, கூடத்தின் கடைசி மூலையில் முழு அமைதி என்று பகுதிகளை வரிசையாக அமைப்பது இதன் பொருள். நூலகர் மேசை, நாளிதழ்ப் பகுதி, குழந்தைகள் பகுதி, நூலடுக்குகள், தேர்வர்கள் என்பது இயல்பான ஒரு வரிசை. இதில் நூலடுக்குகள் இடையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். நூல் நிறைந்த அடுக்கைப் போல் ஒலியை உறிஞ்சும் மலிவான தடுப்பு கிடைப்பது அரிது. சுவரோரம் ஒட்டி நிறுத்தப்பட்ட அடுக்கு இந்தப் பயனைத் தராததோடு, சுவரின் ஈரத்தையும் கரையானையும் நூலுக்குக் கடத்துகிறது. சுவரை ஒட்டி வைத்தே தீர வேண்டும் என்றால் நான்கு அங்குல இடைவெளி விடுவதும், கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துவதும் குறைந்தபட்சத் தேவைகள்.

இந்த வரிசை மாற்றக் கூடாத விதியன்று. ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஓடி நூலகம் கீழ்த்தளத்தைக் கூட்டங்களுக்கும் நடுத்தளத்தைக் கருவிகளோடு செய்து பழகும் பட்டறைகளுக்கும் ஒதுக்கி நூல்களை மேல்தளத்துக்குக் கொண்டுபோனபோது, குழந்தைகள் பகுதியையும் நூல்களோடு அதே மேல்தளத்தில் வைத்தது. குழந்தையின் குரலை ஒதுக்கி வைக்காமல் நூல்களின் நடுவிலேயே அனுமதிப்பது என்பது ஒரு முடிவு. அதற்கு உயர்ந்த கூரையும் விரிந்த தளமும் துணை நின்றன. பத்தடி உயரக் கான்கிரீட் கூரையும் வழவழப்பான ஓட்டுத் தரையும் கொண்ட கிளை நூலகம் அதே முடிவை எடுத்தால் தேர்வர்கள் வெளியேறிவிடுவார்கள்.

ஒலியைக் குறைக்கும் செலவுகளில் முதலில் செய்யத்தக்கது நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டுவது. இரும்பு நாற்காலி ஓட்டுத் தரையில் இழுபடும் ஒலிதான் அமைதிப் பகுதியைப் பெரிதும் குலைப்பது. சில நூறு ரூபாயில் தீரும் இந்தக் குறையை விட்டுவிட்டு ஒலித்தடுப்புப் பலகைகளுக்கு இலட்சங்களைச் செலவிடும் திட்டங்களைக் காண முடிகிறது. அடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் தக்கை அறிவிப்புப் பலகைகளை மேலிருந்து கீழ்வரை பொருத்துவது, வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். கைப்பேசியில் பேசவேண்டியவருக்கு வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சும் நிழலும் கொடுப்பது, பேசக் கூடாது என்று சுவரில் எழுதுவதைவிடப் பலன் தரும்.

நேரத்தை ஒரு சுவராகப் பயன்படுத்துவது இதன் மறுபக்கம். நாளிதழ் வாசிப்போரின் நெருக்கம் காலையில் முடிந்துவிடும் என்றும், பள்ளி விட்ட பிறகே குழந்தைகள் வருகிறார்கள் என்றும் கணக்கெடுப்பு காட்டினால், ஒரே பகுதியைக் காலையில் ஒருவருக்கும் மாலையில் மற்றவருக்கும் கொடுக்கலாம். அதற்கு மேசைகள் சக்கரம் பூண்டவையாகவோ இருவர் தூக்கக் கூடியவையாகவோ இருக்க வேண்டும். பழைய தேக்கு நீள மேசைகள் அழகானவை என்றாலும் இந்த வேலைக்கு உதவா. வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டமும் நூல் அறிமுக நிகழ்ச்சியும் இதே இடத்தில் நடக்கலாம், தனிக் கூட்ட அரங்கு வேண்டியதில்லை. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் அப்பால் மக்கள் கூடும் பொது இடத்தை மூன்றாம் இடம் என்று அழைக்கும் வழக்கம் மேலைநாட்டு நூலக எழுத்துகளில் பரவலாக உண்டு. நாளிதழை உரக்கப் படித்து விவாதிக்கத் தேநீர்க்கடை இருக்கும் ஊரில் நூலகம் அந்தப் பணியை மீண்டும் செய்யத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம், காற்று, மின்சாரம்

படிக்கும் மேசையின் பரப்பில் 300 முதல் 500 லக்ஸ்வரை வெளிச்சம் விழுவது போதுமானது. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு. மதிப்பீட்டுக்குக் கைப்பேசிச் செயலிகளே உதவும். அடுக்குகளுக்கு இதில் பாதி போதும் என்றாலும் ஒளி நூல்களின் முதுகில், கீழ்த்தட்டுவரை விழ வேண்டும் என்பதால், விளக்குகள் நடைவழியின் நீளவாக்கில் அமைய வேண்டும். அடுக்குகளை நகர்த்திவிட்டு விளக்குகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும் தவறு மிகச் சாதாரணமாக நேர்கிறது.

நம் தட்பவெப்பத்துக்கே உரிய ஒரு குறை மின்விசிறியும் விளக்கும் சேர்ந்து உண்டாக்குவது. விசிறியின் இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருந்தால், சுழலும் இறக்கைகளின் நிழல் பக்கத்தின்மேல் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும். பத்து மணி நேரம் படிப்பவருக்குத் தலைவலி வர வேறு காரணம் தேடவேண்டியதில்லை. விளக்கை இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது அல்லது இரண்டு விசிறிகளுக்கு இடையில் நகர்த்துவது இதற்குத் தீர்வு. மேற்குச் சன்னலோரம் படிப்போர் இருக்கையையும் அடுக்கையும் வைக்கக் கூடாது. மாலை வெயில் நூலின் முதுகை வெளுக்கச் செய்யும், படிப்பவரையும் எழுந்தோடச் செய்யும். குளிர்சாதனம் பொருத்துவதாக இருந்தால் அதை இரவில் நிறுத்திப் பகலில் இயக்கும்போது உண்டாகும் ஈர ஏற்ற இறக்கம் நூல்களில் பூஞ்சை பிடிக்க வழிசெய்யும் என்பதால், அடுக்குப் பகுதியைத் தவிர்த்து வாசிப்புப் பகுதிக்கு மட்டும் அமைப்பதே கடலோர ஊர்களுக்கு ஏற்றது.

மின்செருகிகளைப் பொறுத்தவரை, இருக்கைக்கு ஒன்று என்பது இன்று ஆடம்பரம் அன்று. இணையவழி வகுப்பைக் கைப்பேசியில் பார்க்கும் மாணவருக்குச் செருகி இல்லாத இருக்கை பாதி இருக்கைதான். தரையில் பதிக்கும் செருகிகள் வெளிநாட்டுப் படங்களில் நேர்த்தியாகத் தெரிந்தாலும், நாள்தோறும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரைக்கு அவை ஆகா. மேசையின் நடுவிளிம்பில் குழாய்வழியாக மின்கம்பி கொண்டுவந்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தோடு இணைப்பதே பாதுகாப்பானது.

வாசலும் கழிப்பறையும்

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு படிகளின்மேல் செங்குத்தாகச் சாத்தப்பட்ட சிமெண்டுப் பலகை சாய்தளம் ஆகாது. உள்ளே சக்கர நாற்காலி திரும்புவதற்கு 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் ஓரிடத்திலாவது வேண்டும், நடைவழி 3 அடிக்குக் குறைந்தால் அடுக்குகள் அவர்களுக்கு எட்டாதவை ஆகிவிடும். தண்ணீரும் தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள பெண்கள் கழிப்பறை இல்லாத நூலகத்தில் பெண் வாசகர்களின் இருக்கை நேரம் குறுகியே இருக்கும். இருக்கைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்று பிரித்துக் குறித்தால் இது தாளிலேயே தெரிந்துவிடும். மேசைகளுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் கழிப்பறைக்குத் திருப்புவது எந்த அலங்காரத்தையும்விட வாசகர் எண்ணிக்கையைக் கூட்டும்.

சுண்ணாம்புக் கோடுகள்

திட்டம் தாளில் முடிந்த பிறகு, எதையும் வாங்குவதற்கு முன், புதிய அமைப்பைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் முழு அளவில் வரைந்து பார்க்க வேண்டும். பழைய மேசைகளையும் அட்டைப்பெட்டிகளையும் கொண்டு அடுக்குகளின் இடத்தைக் காட்டி, வாசகர் வட்ட உறுப்பினர்களும் ஒரு முதியவரும் ஒரு பள்ளிக் குழந்தையும் தூய்மைப் பணியாளரும் அதில் நடந்து பார்த்தால், படத்தில் மறைந்திருந்த பல தடைகள் ஒரே மாலையில் வெளிப்படும். துடைப்பம் நுழையாத மூலை, கதவு திறந்தால் இடிக்கும் நாற்காலி, நூலகர் மேசையிலிருந்து பார்வைபடாத குழந்தைகள் பகுதி ஆகியவை கோடாக இருக்கும்போது அழித்து எழுதக் கூடியவை. 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் திட்டமிடலில் ரங்கநாதன் ஆலோசகராக இருந்தார் என்பது, கட்டடக் கலைஞரின் வரைபடத்தை நூலகவியலாளர் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி. கிளை நூலகத்தின் அளவில் அந்த வரைபடத்தைத் தூய்மைப் பணியாளரும் பார்க்க வேண்டும்.

ஒதுக்கீட்டுத் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைச் செலவிடாமல் நிறுத்திவைக்க நிதி விதிகள் இடம்தருமானால், கூடம் திறந்து மூன்று மாதம் கழித்து அதே தரைப்படத் தாள்களோடு மீண்டும் இருக்கைக் கணக்கெடுப்பு நடத்தி, காலியாகவே கிடக்கும் நாற்காலிகள் எவை, தாழ்வாரத்தில் நின்றபடி படிப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்த பிறகு அந்தத் தொகையைக் கையிலெடுக்கலாம்.